மூச்சு மெஷினுக்கு ஆயுத பூசை

— தாத்தா, மொதல்ல அந்தத் தீப்பெட்டிய எங்கிட்ட குடுங்க. பேச்செல்லாம் பெறவு.

— வாப்பா ராபினு. செருப்பக் கழட்டிப்போட்டு வா. பூசை நடக்கற எடம்.

— கழட்டியாச்சு. தீப்பெட்டி.

— இன்னும் பத்தவெக்கவே இல்ல. எதுக்கு இப்பிடி மூச்சு வாங்கற? மூச்சு வாங்கற ஆளு அங்க கட்டில்ல இருக்கறா.

— அவங்களப் பாக்கத்தான் வண்டிய முறுக்கிக்கிட்டு வாரேன். மெஷின் நின்னுட்டுன்னு எங்க மெடிக்கல் சாமான் கடைப் போன்ல மணி அடிக்கு. கரண்டு போயிட்டோ, ஆச்சிக்கு என்னமும் ஆயிட்டோன்னு அடிச்சுப் பிடிச்சு வந்தா, நீங்க மெஷினுக்கு மாலை போட்டு வச்சிருக்கிய.

— ஆயுத பூசைக்கு மாலை போடாம, பின்ன தீவாளிக்கா போடுவாங்க?

— ஆச்சி, எப்படி இருக்கிய?

— இருக்கறேன்... கண்ணு. சிலிண்டர்ல... ஓடுது.

— விரல நீட்டுங்க, இந்தக் கிளிப்ப மாட்டுதேன். அசைக்காதிய. ம்... ஆக்சிசன் அளவு சரியாத்தான் இருக்கு. மாதாவே, இப்பத்தான் எனக்கு உசுரு வருது.

— காத்துப் பத்தாம உட்டுருவனா நானு? அவ கழுத்துல தாலி கட்டுனவன்டா.

— காத்துப் பத்தாமப் போறத விடுங்க. காத்து எச்சாப் போனாலும் ஆபத்துதான். மூக்கு வழியா ஆக்சிசன் வந்துக்கிட்டு இருக்கு. பக்கத்துல சூடம் கொளுத்துனா சேலை, மெத்தை, நீங்க, நான், அம்புட்டும் சேந்து எரியும். மெஷின் கொண்டாந்து வச்ச அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?

— சொன்ன. அதனாலதான் பீடியவே உட்டுப்போட்டேன்.

— உடல... சாமி. கேட்டுக்கு வெளிய... வேப்ப மரத்தடியில... நின்னு ஊதறாரு.

— நீ உள்ள காத்த இழு. வெளிய காத்த நான் பாத்துக்கறேன்.

— சூடம் கெடையாது தாத்தா. ஊதுபத்தி கெடையாது. வெளக்கு கெடையாது. தீப்பெட்டி எம்பையில இருக்கட்டும், போகும்போது தாரேன்.

— வெச்சுக்க. சந்தனம் இருக்குது, குங்குமம் இருக்குது, பூவு இருக்குது. சூடம் இல்லைன்னா சாமி கோவிச்சுக்காது.

— இது என்னது, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம்?

— நாலு சக்கரம் இருக்குதில்ல. சக்கரம்னு இருந்தா பழம் வெக்கோணும்.

— இது எங்கன ஓடப் போவுது? கட்டிலுக்கு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம்.

— அந்தப் பக்கம் போறதும் பத்தரமாப் போவோணுமல்ல.

— சரி, மாலைய எடுக்கேன். காத்து இழுக்குத எடத்த மறைச்சுக்கிட்டுக் கெடக்கு. ஆடி மாசத்துலயும் இப்படித்தான், பஞ்சு படியுதுன்னு பனியன் துணியால பொத்தி வச்சிய. மூச்சு மெஷினுக்கே மூச்சு முட்டிக் கத்திட்டு.

— கம்பெனில வேலை முடிஞ்சா மெஷினுக்குத் துணி போத்தறது பழக்கம். புத்தி அப்பிடிப் போச்சு. அதுக்கப்பறம் போத்தல. தெனமும் துடைக்கறேன், அந்தப் பஞ்சு மாதிரி இருக்கற பில்டரக் கழட்டிக் கழுவி நெழல்ல காயவெக்கறேன். குத்தம் உண்டா அதுல?

— அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. சுவிச்சப் போடுதேன்.

— கைய எடு.

— தாத்தா.

— கைய எடுங்கறேன். நிட்டிங் கம்பெனில காலம்பூராக் கெடந்தவன் நானு. ராத்திரி பகல்னு சிப்டு மாத்தி ஓடற மெஷினுக்கும் ஆயுத பூசையன்னைக்கு ஓய்வு. நூலக் கழட்டி, எண்ணெயத் துடைச்சு, பொட்டு வெச்சு, கதவச் சாத்திட்டு வந்துருவோம். இது சித்திரையில வந்துது. வந்த நாள்லருந்து வாயில்லாச் சீவனாட்ட ஓடிட்டே இருக்குது. அதுக்கு ஒரு நாள் வேண்டாமா?

— அது இரும்பு தாத்தா. அதுக்கு அசதி தெரியாது. ஆச்சிக்குத் தெரியும்.

— எனக்கு... ஒண்ணுமில்ல. சிலிண்டரு... நேத்தே... கொண்டாந்து வெச்சுட்டாரு.

— ஒரு சிலிண்டரு எம்புட்டு நேரம் தாங்கும்? முள்ளப் பாருங்க, கீழ எறங்கிக்கிட்டே வருது.

— கதவுக்குப் பின்னால பாரு.

— இன்னொண்ணா?

— மாட்டறதுக்குச் சாவியும் பக்கத்துலயே தொங்குது. வெல்டிங் பட்டறையில வாங்குனேன்னு பயந்துக்காத. ஆஸ்பத்திரிக்குப் போடறவன்கிட்டச் சொல்லி வெச்சு வாங்குனது.

— எல்லாம் முன்னேற்பாடாத்தான் செஞ்சிருக்கிய. கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டுச் செஞ்சா நான் இப்படிப் பதறியிருக்க மாட்டேன்லா?

— மறந்துபோச்சு.

— மறக்கற ஆளு... இவரு.

— நீ பேசாத. பேசுனா காத்து செலவாகும்.

— சரி, பொட்ட வச்சுப் பூசைய முடிங்க. ஓய்வு எடுத்தது போதும், போட்டுருவோம்.

— முடிக்க முடியாது. ஆளு வரோணும்.

— எந்த ஆளு? பூசாரியா?

— மெஷினுக்குச் சொந்தக்காரங்க. எங்க கம்பெனில மொதப் பொட்டு மொதலாளிதான் வெப்பாரு. ஓட்டறவன் வெக்கக் கூடாது. ஒரு வருசம் அவரு பையனுக்குச் சொகமில்ல, வர நேரமாச்சு. பொழுது எறங்கற வரைக்கும் பொரியக் கூடத் தொடாம உக்காந்திருந்தோம்.

— எங்க கடை மொதலாளியச் சொல்லுதியளா? அவரு குடும்பத்தோட ஊட்டிக்குப் போயிட்டாரு. அப்படியே இருந்தாலும், வித்த மெஷினுக்கு அவரு எப்படிச் சொந்தக்காரரு?

— வித்துட்டீங்களா? வாடகை இல்லியா?

— எத்தன மட்டம் சொல்லுதது. விலைக்கு வாங்குனது தாத்தா இது.

— கத்தாத. காது கேக்குது.

— உங்களுக்குக் காது மந்தம்னுல்லா நெனச்சேன்.

— வேண்டாத பேச்சுக்கு மந்தம். எலவசமாக் காது மெஷின் தாரேன்னு முந்தி ஒருத்தன் வந்தான். கைநாட்டு வாங்கிட்டுப் போனான். காது மெஷின் வரல. கடனக் கட்டுன்னு எவனோ போன் பண்ணுனான். எனக்குத்தான் காது கேக்காதே, என்னத்தக் கட்டறது? அப்பிடியே தப்பிச்சேன். குடுக்கறவன் ஒருத்தன் வந்தா, எடுக்கறவன் அவனுக்குப் பின்னாலயே வருவான் தம்பி.

— அதான்... இதோட அட்டைப் பெட்டியப்... பரண்ல வெச்சிருந்தாரு. தூக்க வந்தா... அலுங்காமக் கட்டிக் குடுக்க.

— இன்னும் பரண்லயா கெடக்கு ஆச்சி?

— போன வாரம்... பழைய பேப்பர்க்காரனுக்குப்... போட்டுட்டாரு.

— எலி வந்துது.

— எலி... வரல.

— எலி வந்துதுங்கறேன்.

— கேளுங்க தாத்தா. இத யாரும் எலவசமாக் குடுக்கல. யாரும் தூக்கவும் மாட்டாங்க. சில எக்ஸ்போர்ட் கம்பெனில ஆபீசு ஆளுகளுக்கு வைத்தியக் கணக்குன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. சம்பளத்துல கொஞ்சம் பிடிப்பாங்க, கம்பெனி கொஞ்சம் போடும். அதுல இருக்கறத வைத்தியத்துக்கு மட்டுந்தான் எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் எடுக்கலாம், வீட்டுல வச்சுக்கிடுத சாமானுக்கும் எடுக்கலாம்.

— அதுல மிக்சி வருமா?

— மிக்சி எப்படி வரும்?

— வைத்தியத்துக்குத்தான். இவளுக்குத் தூதுவளை அரைக்கோணும்.

— வராது. இந்தச் சாமான் இல்லைன்னா இந்த ஆள வீட்டுல வச்சுப் பாக்க முடியாதுன்னு டாக்டரு எழுதிக் குடுக்கணும். சக்கர நாற்காலி வரும், தலைமாட்டத் தூக்குத கட்டிலு வரும், இந்த மெஷின் வரும். ஒரு மானேஜரு உடம்ப அமுக்கிவிடுத நாற்காலி கேட்டாரு. உமக்கு அசதிதான், நோயில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

— செரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஏமாத்தறவனுக்குக் குடுத்தா ஏலாதவனுக்கு இருக்காது.

— ஆச்சிக்கு டாக்டரு எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு நிமிசம் கூட ரோசிக்கல அவரு.

— எப்பிடி ரோசிப்பாரு? சித்திரைக்கு முந்தி இவ படுத்துத் தூங்கி நான் பாத்ததில்ல. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டே கெடப்பா. கம்பெனில பனியனுக்குப் பிசிரு நூலு வெட்டி வெட்டி அந்த நூலெல்லாம் நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னு நானே நெனச்சுக்குவேன். நீ மெஷின மாட்டிட்டுப் போன, அன்னைக்குப் படுத்தா. கொறட்டை வந்துது. நாலு பக்கமும் மெஷின் கடகடன்னு ஓடற எடத்துலயே நின்னுட்டுத் தூங்குனவன் நானு. அன்னைக்கு இவ கொறட்டையக் கேட்டுட்டு முழிச்சு உக்காந்திருந்தேன்.

— எனக்குக் கொறட்டை... வராது.

— வந்துது. நல்லா வந்துது. அதுக்குத்தான் இந்த மாலை.

— அத வச்சவங்களுக்கும் ஒரு மாலை போடலாம் தாத்தா.

— வெச்சது ஆரு? கம்பெனின்னு சொன்ன. கம்பெனின்னு வெச்சுக்கிட்டேன்.

— உங்க மவன் தரணீதரன் அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. அக்கா பேரச் சொன்னா வாசலோட திருப்பிருவியன்னு.

— எந்த அக்கா?

— ஏனுங்க... தெரியாத மாதிரிக்... கேக்காதீங்க.

— ஜோதிகாக்கா. உங்க மருமவ. அண்ணனுக்குச் சொந்தத் தொழிலு, அவருக்கு ஏது கணக்கு? அக்காதான் எக்ஸ்போர்ட் ஆபீசுல இருக்காங்க. அவங்க கணக்குல வாங்குனது இது.

— ம்.

— வெறும் 'ம்'மா?

— கேட்டுட்டேன்னு அர்த்தம். மேல சொல்லு.

— மேல ஒண்ணு இருக்கு. சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்காங்க.

— சத்தியத்த மீறாத.

— மீறுதேன். அந்தக் கணக்குல பெரியவங்க ஒரு சோடிக்குத்தான் எடம். ஒண்ணு பெத்த அப்பா அம்மா, இல்லாட்டி மாமனார் மாமியார். ரெண்டு சோடியையும் சேக்க முடியாது. அக்கா உங்க ரெண்டு பேரத்தான் சேத்திருக்காங்க.

— எப்ப சேத்துனா?

— கலியாணம் ஆன வருசம்.

— என்ர வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நான் சொன்ன வருசமா?

— அதே வருசந்தான்.

— அப்ப, அவளப் பெத்தவங்க?

— அப்பா இல்ல. அம்மா மட்டுந்தான். ராக்கம்மாப் பெரியம்மான்னு நாங்க கூப்பிடுவோம், எங்க காம்பவுண்டுதான், வேலம்பாளையத்துல. அவங்களும் பிசிரு வெட்டுனவங்க. தரையில குத்தவச்சு உக்காந்தே முட்டி தேஞ்சுட்டு. கம்பு ஊனித்தான் நடக்காங்க. டாக்டரு பிடிச்சு நடக்குத நடைவண்டி எழுதிக் குடுத்தாரு. கணக்குல அவங்க பேரு இல்லியே. புது வருசத்துக்குப் பேர மாத்திரட்டுமான்னு அக்கா அழுதுக்கிட்டே கேட்டாங்க. அதுக்குப் பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

— என்ன சொன்னாங்க?

— 'ஏட்டி, நடக்க முடியாட்டா ஓரிடத்துல உக்காந்துக்கிடலாம். மூச்சு விட முடியாட்டா எங்கன போயி உக்கார?'ன்னாங்க.

— அந்தத் துண்ட இப்பிடிக் குடு.

— தாத்தா?

— உடு... கண்ணு. அவரு... கண்ணுல தூசி.

— தூசி இல்ல. தெனமும் துடைக்கறேன், எங்கிருந்து வரும்? ஏம்ப்பா, ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில ஒரு நடைவண்டி கெடக்குது. என்ர இடுப்பு ஒடிஞ்சப்ப வாங்குனது. துடைச்சா புதுசு. போறப்ப எடுத்துட்டுப் போயி அந்தம்மாகிட்டக் குடு.

— நான் கொண்டு போனா வாங்க மாட்டாங்க. குடுக்கறவன் வந்தா எடுக்கறவன் பின்னாலயே வருவான்னு அவங்களும் சொல்லுவாங்க.

— என்ர பேச்சத் திருப்பி என்ர தலையிலயே போடற.

— நீங்களே கொண்டு குடுங்க. அவங்க உங்க சம்பந்தியம்மா. இருங்க, போனு அடிக்கு. அக்காதான். சொல்லுங்கக்கா. ஆமா, வந்துட்டேன். ஆச்சி நல்லா இருக்காங்க, சிலிண்டருல ஓடுது. மெஷினா? அது வந்து... நீங்க எங்க நிக்கிய? இங்கனயா?

— எங்க நிக்கறா?

— கேட்டுக்கு வெளிய. வேப்ப மரத்தடியில.

— நீங்க பீடி... ஊதற எடத்துல.

— தெரியுது. ஏம்ப்பா, வண்டியிலயா வந்தா?

— வேலம்பாளையத்துலருந்து ஹெல்மெட்டு கூடப் போடாம வந்திருக்காங்க. எனக்கு மணி அடிச்ச நேரம் அவங்களுக்கும் அடிச்சிருக்கு.

— உள்ள வர மாட்டாளாமா?

— எப்படி வருவாங்க? படி மிதிக்காதன்னு சொன்னது நீங்க. ட்யூபு, பில்டரு எல்லாம் மாசாமாசம் அந்தக் கேட்டுல நின்னுதான் எங்கிட்ட குடுத்துட்டுப் போறாங்க. மெஷின் ஓடுதான்னு மட்டும் சொல்லு ராபின், நான் அப்படியே திரும்பிருதேன்ங்காங்க. தாத்தா, ஓடுதுன்னு சொல்லிருதேன்.

— பொய் சொல்லாத. ஓடல.

— போட்டுட்டுச் சொன்னா பொய்யில்லியே.

— சுவிச்சத் தொட்டீன்னா தெரியும். ஓடலைன்னே சொல்லு.

— ஓடலைன்னு சொன்னா அங்கனயே நின்னுக்கிட்டு இருப்பாங்க. இன்னும் எந்தச் சொந்தக்காரருக்குத்தான் காத்துக்கிட்டிருக்கிய?

— இத்தன நாயம் பேசற, இன்னும் வெளங்கலியா உனக்கு? விலைக்கு வாங்குனவதான் மொதலாளி. மொதப் பொட்டு அவதான் வெக்கோணும்.

— அக்காவா?

— பின்ன, நீயா?

— அக்கா வேதக்காரங்க தாத்தா, சர்ச்சுக்குப் போறவங்க. பொட்டு வைப்பாங்களோ என்னமோ.

— பொட்டு வெக்காட்டி ஒரு பூவு வெக்கட்டும். அதுவும் ஆவாதுன்னா மெஷின் தலையில கைய வெச்சு அவ சாமிய நெனைக்கட்டும். சூடந்தான் கெடையாதுன்னு ஆயிப்போச்சே. இந்த ஊட்டுல இனி எந்தச் சாமியா இருந்தாலும் தீ இல்லாமத்தான் கும்பிடோணும்.

— ஏனுங்க... எந்திரிச்சுப் போயி... 'வா'ன்னு... நீங்க சொல்லுங்க. அவன் சொன்னா... வர மாட்டா.

— போறேன். அந்த வேட்டிய எடு. அழுக்கு வேட்டியோட ஊட்டுக்கு வர்ற ஒறம்பரையக் கூப்பிடறதா? ராபினு, பொரிய ரெண்டு பங்காக் கட்டு. ஒரு பங்கு அந்தம்மாளுக்கு. நடைவண்டியோட நானே கொண்டு போயிக் குடுத்துக்கறேன்.

— கட்டுதேன். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. ஓடுத மெஷினுக்கே மாலை போட்டிருக்கலாம்லா? ஒரு போன் போட்டு வாம்மான்னா அக்கா பறந்து வந்திருப்பாங்க. பூசைக்குன்னு மெஷின நிறுத்தி, அவங்களையும் பதற வச்சு, என்னையும் பதற வச்சு, இது தேவையா?

— பூசைக்குன்னு நிறுத்தல தம்பி. போன மாசம் நீ பில்டர் மாத்த வந்தப்ப, நான் வெளிய பீடி ஊதிட்டிருக்கறேன்னு நெனச்சு, மெஷின் நின்னா மொத மணி ஜோதிகா போனுலதான் அடிக்கும்னு இவகிட்டக் குசுகுசுத்தியே, அது என்ர காதுல உழுந்துது. அவளக் கூப்பிட எனக்கு வாய் வரல, சுவிச்சுத்தான் கைக்கு வந்துது.